கேட்கும்போது எரிகிறது, பேசும்போது அணைகிறது: படகு வயர்லெஸ்ஸில் ஓம் விதி

எண்ணூர் முகத்துவாரக்குப்பம், கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது. என் வகுப்பில் படிக்கும் பிள்ளைகளில் பலருக்கு அப்பாவோ, மாமாவோ, பெரியப்பாவோ கடலுக்குப் போகிறவர்கள். அவர்களுடைய ஃபைபர் படகுகளில் எஞ்சினுக்கும் வலைக்கும் அடுத்தபடியாக மதிப்புள்ள பொருள் வி.எச்.எஃப். வயர்லெஸ் செட். புயல் எச்சரிக்கை வந்தாலும், எஞ்சின் நின்றுவிட்டாலும், துறைமுகத்துக்குப் போகும் கப்பல் படகை நோக்கி வந்தாலும் அந்தச் செட்டில்தான் பேச வேண்டும்.

பத்தாம் வகுப்பு 'மின்னோட்டவியல்' பாடம் நடத்தும்போது இந்தச் செட்டையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். காரணம், அதில் அடிக்கடி வரும் ஒரு பழுது. பெற்றோர் ஒருவர் என்னிடம் அதை இப்படிச் சொன்னார்: "டீச்சர், கேக்கறது நல்லாத்தான் கேக்குது. பேச பட்டனை அமுக்கினா ஆஃப் ஆயிடுது. பேட்டரிகூட மாத்திட்டேன், அப்பவும் அதேதான்."

செட் கெட்டுவிட்டது என்றுதான் பெரும்பாலும் நினைப்பார்கள். கழற்றிக் கடைக்குக் கொண்டுபோனால் அங்கே மேசைமேல் நன்றாக வேலை செய்யும். திரும்பப் படகில் பொருத்தினால் பழைய கதைதான். இதற்கான விடை செட்டுக்குள் இல்லை. நாம் கரும்பலகையில் எழுதும் ஒரே ஒரு சமன்பாட்டில் இருக்கிறது.

செட்டின் இரண்டு பசி

வி.எச்.எஃப். செட் 13.8 வோல்ட் நேர்மின்னோட்டத்துக்கு வடிவமைக்கப்பட்டது. பெரும்பாலான தயாரிப்புகள் அதிலிருந்து 15 விழுக்காடு வரை கூடக்குறைய இருந்தால் தாங்கும். அதாவது ஏறத்தாழ 11.7 முதல் 15.9 வோல்ட் வரை. அதற்குக் கீழே போனால் செட் அணையும், அல்லது அணைந்து அணைந்து எரியும்.

கேட்டுக்கொண்டிருக்கும்போது செட் எடுக்கும் மின்னோட்டம் அரை ஆம்பியர் அளவுதான். மைக்கின் பட்டனை அழுத்தி 25 வாட் திறனில் பேசும்போது அது 5 முதல் 6 ஆம்பியர் வரை ஏறும். பட்டனை அழுத்திய கணத்தில் பசி பத்து மடங்குக்கு மேல் கூடுகிறது. 13.8 வோல்ட்டை 5.5 ஆம்பியரால் பெருக்கினால் ஏறக்குறைய 76 வாட். ஆன்டெனாவுக்குப் போவது 25 வாட். மீதி எங்கே போனது என்று வகுப்பில் கேளுங்கள். தொடர்ந்து பேசினால் செட்டின் முதுகு சுடுவதை வீட்டில் தொட்டுப் பார்த்த பிள்ளை பதில் சொல்லிவிடும்.

இனி மின்னழுத்தம் = மின்னோட்டம் × மின்தடை என்ற ஓம் விதிக்கு வருவோம். ஜார்ஜ் சைமன் ஓம் 1827-இல் வெளியிட்ட இந்தத் தொடர்பை நாம் 'கொடுக்கப்பட்டவை, கண்டறிய வேண்டியது' என்ற கணக்காகவே பெரும்பாலும் நடத்துகிறோம். படகில் இது வேறு விதமாகப் பேசுகிறது: மின்தடை மாறாமல் இருக்கும்போது மின்னோட்டம் பத்து மடங்கானால், வழியில் இழக்கும் மின்னழுத்தமும் பத்து மடங்காகும்.

ஒரு கணக்கு

பேட்டரியிலிருந்து செட்டுக்கு 4 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். மின்னோட்டம் போய்த் திரும்ப வேண்டும்; எனவே கம்பியின் நீளம் 8 மீட்டர். திரும்பி வரும் கம்பியைக் கணக்கில் சேர்க்க மறப்பது பிள்ளைகள் வழக்கமாகச் செய்யும் பிழை. கம்பியின் குறுக்குப் பரப்பு 1.5 சதுர மில்லிமீட்டர். தாமிரத்தின் தன்மின்தடை எண் 20 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 1.72 × 10⁻⁸ ஓம் மீட்டர். கணக்கிட்டால் கம்பியின் மின்தடை சுமார் 0.09 ஓம்.

பேசும்போது 5.5 ஆம்பியர் ஓடுகிறது. இழப்பு 5.5 × 0.09, அதாவது அரை வோல்ட். பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் செட்டுக்கு 12.1 வோல்ட் கிடைக்கும். செட் ஒழுங்காக வேலை செய்யும்.

இப்போது வழியில் ஒரு மூட்டில் உப்புக் காற்றால் பச்சைக் களிம்பு பூத்திருக்கிறது. அந்த மூட்டின் மின்தடை 0.3 ஓம் என்று கொள்வோம். மொத்தம் 0.39 ஓம்.

கேட்கும்போது: 0.5 × 0.39 = சுமார் 0.2 வோல்ட் இழப்பு. செட்டுக்கு 12.4 வோல்ட். எந்தக் குறையும் தெரியாது.

பேசும்போது: 5.5 × 0.39 = சுமார் 2.1 வோல்ட் இழப்பு. செட்டுக்கு 10.5 வோல்ட். செட் அணைந்துவிடும்.

அணைந்ததும் மின்னோட்டம் குறையும், இழப்பும் குறையும், செட்டுக்கு மீண்டும் 12 வோல்ட்டுக்கு மேல் கிடைக்கும், அது தானாக எரியும். 'பட்டனை விட்டதும் வந்துடுது' என்று படகுக்காரர் சொல்வது இதைத்தான். பேட்டரியை மாற்றியும் பழுது தீராததற்கும் காரணம் இதுவே. களிம்பு இருப்பது மூட்டில், மாற்றியது பேட்டரியை. கடை மேசையில் செட் ஒழுங்காக வேலை செய்ததற்கும் விளக்கம் கிடைத்துவிட்டது. அங்கே பழுதான மூட்டு வரவில்லை.

0.3 ஓம் என்பதை வகுப்பில் இருக்கும் சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவீட்டில் நம்பிக்கையாகப் படிக்க முடியாது. மீட்டரின் முனைக் கம்பிகளுக்கே அந்த அளவு மின்தடை இருக்கும். அதனால்தான் 'கன்டினியூட்டி' பார்க்கும்போது மீட்டர் 'பீப்' என்று சத்தம் போட்டும், படகில் பழுது அப்படியே இருக்கிறது. மின்னோட்டம் ஓடும்போது மின்னழுத்தத்தை அளந்தால்தான் இந்தக் குறை வெளியே வரும்.

பழுதைத் தேடும் ஒழுங்கு

பழுது தேடுவது என்பது கையில் கிடைத்ததை மாற்றிப் பார்ப்பதல்ல. அறிகுறியைப் பிரித்துப் பார்த்து, ஒவ்வொரு சோதனையிலும் சந்தேகத்தின் வட்டத்தைச் சுருக்குவது. அறிவியல் முறை என்று நாம் பாடத்தில் சொல்வதும் இதுதான். பிள்ளைகளோடு பேசி நாங்கள் நான்கு அறிகுறிகளாகப் பிரித்துக்கொண்டோம்.

முதலாவது, செட் எரியவே இல்லை. ஃபியூஸைப் பார்க்க வேண்டும். ஃபியூஸ் போயிருந்தால் ஏன் போனது என்று கேட்க வேண்டும். பேட்டரியைச் சார்ஜ் செய்து திரும்ப மாட்டும்போது சிவப்பும் கறுப்பும் மாறிப்போவது உண்டு. பல செட்டுகளில் இதற்காகவே உள்ளே ஒரு டையோடு இருக்கும். முனை மாறினால் அது மின்சாரத்தைத் தன் வழியே விட்டு ஃபியூஸை உருக்கிச் செட்டைக் காப்பாற்றும். புதிய ஃபியூஸும் உடனே போனால் அந்த டையோடோ செட்டின் உட்பகுதியோ பழுதாகியிருக்கலாம். அது பழுது பார்ப்பவரின் வேலை. ஃபியூஸுக்குப் பதில் செம்புக் கம்பி இழையைக் கட்டி ஓட்டுவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் ஏற்கக் கூடாது. டீசலும் மண்ணெண்ணெயும் இருக்கும் படகில் அது தீக்கு வழி.

இரண்டாவது, கேட்கிறது, பேசினால் அணைகிறது. நாம் மேலே கணக்கிட்ட நிலை. இதற்கு மீட்டர் இல்லாமலேயே ஒரு சோதனை உண்டு. செட்டில் 25 வாட், 1 வாட் என இரண்டு திறன் நிலைகள் இருக்கும். 1 வாட்டுக்கு மாற்றிப் பேசிப் பாருங்கள். அப்போது மின்னோட்டம் சுமார் 1.5 ஆம்பியர்தான்; நம் கணக்கின்படி இழப்பு 0.6 வோல்ட். 1 வாட்டில் பேச முடிந்து 25 வாட்டில் அணைந்தால், மின்சாரம் வரும் வழியில்தான் குறை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

மூன்றாவது, எஞ்சின் ஓடும்போது மட்டும் இரைச்சல். எஞ்சின் வேகம் கூடக்கூட இரைச்சலின் சுருதியும் ஏறினால், சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் மின்னழுத்த அலைவு செட்டுக்குள் வருகிறது என்று பொருள். செட்டின் கம்பியை எஞ்சின் வயரோடு சேர்க்காமல் நேராகப் பேட்டரிக்குக் கொண்டுபோனாலே பாதி குறையும்.

நான்காவது, செட் நன்றாக எரிகிறது, பேசுகிறது. ஆனால் மறுமுனையில் யாருக்கும் கேட்கவில்லை. இது பெரும்பாலும் மின்சாரக் குறை அல்ல. ஆன்டெனா, அதன் கேபிள், சேனல், தூரம் இவற்றைப் பார்க்க வேண்டும். வி.எச்.எஃப். அலை ஏறக்குறைய பார்வைக்கோட்டில் செல்வது. இரண்டு படகுகளிலும் ஆன்டெனா 3 மீட்டர் உயரத்தில் இருந்தால் எட்டும் தூரம் சுமார் 14 கிலோமீட்டர். பேட்டரி எவ்வளவு நன்றாக இருந்தாலும் பூமியின் வளைவை அது மாற்றாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் வெகுதூரத்தில் இருந்த குமரி மாவட்ட மீனவர்களுக்கு எச்சரிக்கை எட்டாமல் போனதை இங்கே நினைவுபடுத்துவேன். தூரத்தால் வரும் குறை வேறு, மின்சாரத்தால் வரும் குறை வேறு. முதலாவதற்குச் செயற்கைக்கோள் வழிக் கருவிகள் தேவை. இரண்டாவதை ஒரு மீட்டரைக் கொண்டு கரையிலேயே தீர்க்கலாம்.

நான்கு அளவீடுகள்

இரண்டாவது அறிகுறிக்கு மல்டிமீட்டரில் நான்கு அளவீடுகள் போதும். ஒருவர் மைக் பட்டனை ஓரிரு விநாடி அழுத்த வேண்டும். இன்னொருவர் மீட்டரைப் படிக்க வேண்டும். ஆன்டெனா இணைந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஆன்டெனா இல்லாமல் அழுத்தினால் செட்டின் ஒலிபரப்புப் பகுதி கெடும். 25 வாட்டில் அழுத்தும்போதே செட் அணைந்துவிட்டால், அணையும் அந்தக் கணத்தில் மீட்டரைப் படிப்பது கடினம். அப்போது 1 வாட்டில் அளந்து ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

1. பேட்டரியின் இரண்டு ஈய முனைகளுக்கு இடையே. கிளாம்பின் மேல் அல்ல, ஈய முனையின் மேலேயே மீட்டரை வைக்க வேண்டும். கிளாம்புக்கும் முனைக்கும் நடுவில்தான் பல நேரம் களிம்பு இருக்கிறது.

2. செட்டின் மின் இணைப்புக்கு அருகில்.

3. பேட்டரியின் நேர்முனையிலிருந்து செட்டின் நேர் இணைப்பு வரை.

4. பேட்டரியின் எதிர்முனையிலிருந்து செட்டின் எதிர் இணைப்பு வரை.

மூன்றாவதையும் நான்காவதையும் கூட்டினால், முதலாவதற்கும் இரண்டாவதற்கும் உள்ள வேறுபாடு வர வேண்டும். வராவிட்டால் அளந்ததில் தவறு. பிள்ளைகள் தங்கள் அளவீட்டைத் தாங்களே சரிபார்த்துக்கொள்ள இது நல்ல வழி. மூன்றாவது அளவீடு பெரிதாக இருந்தால் சிவப்பு வயரில் குறை. நான்காவது பெரிதாக இருந்தால் கறுப்பு வயரில் குறை. குறையுள்ள வயரில் ஒவ்வொரு மூட்டாக இரு புறமும் மீட்டரை வைத்துப் போனால் குற்றவாளி தானாகச் சிக்குவான்.

முதல் அளவீடே பட்டனை அழுத்தும்போது 12.6-இலிருந்து 11-க்குச் சரிந்தால் குறை பேட்டரியில். சார்ஜ் இறங்கியிருக்கலாம், அல்லது தட்டுகள் கெட்டு அகமின்தடை கூடியிருக்கலாம். சில மணி நேரம் ஓய்வில் இருந்த ஈய அமில பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் ஏறத்தாழ பாதி. 12-க்குக் கீழே போனால் கடலுக்குக் கொண்டுபோகத் தகுதியில்லை.

இதற்கு ஒரு கூட்டல் கணக்கும் உண்டு. ஏழாம் வகுப்புக்கே போதுமானது. பேட்டரி 35 ஆம்பியர் மணி. பத்து மணி நேரம் செட் கேட்டுக்கொண்டிருந்தால் 5 ஆம்பியர் மணி. மொத்தம் பத்து நிமிடம் பேசினால் சுமார் 1 ஆம்பியர் மணி. விளக்கும் ஜி.பி.எஸ்ஸும் சேர்ந்து 1.5 ஆம்பியர் எடுத்தால் பத்து மணி நேரத்துக்கு 15. ஆக 21 ஆம்பியர் மணி. ஈய அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும். பாதி என்பது 17.5. கயிறு இழுத்துக் கிளப்பும், சார்ஜ் செய்யும் அமைப்பு இல்லாத எஞ்சின் உள்ள படகில், விடியற்காலையில் போய் மாலையில் திரும்பும்போது செட் ஏன் சோர்ந்துபோகிறது என்பதற்கு இந்தக் கணக்கே விடை.

உப்பு செய்யும் வேலை

முகத்துவாரத்தில் காற்றிலேயே உப்பு இருக்கிறது. வெறும் தாமிர இழைகளை முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி விடுகிறோம். வெயிலில் டேப்பின் பசை இளகி, உள்ளே ஈரம் தங்குகிறது. இழைகளுக்கு இடையே உள்ள நுண்ணிய சந்துகளில், திரி எண்ணெயை இழுப்பதுபோல, உப்பு நீர் ஏறுகிறது. மேலே ரப்பர் உறை புதிதாகத் தெரியும். கொஞ்சம் உரித்தால் உள்ளே தாமிரம் கறுத்திருக்கும். நுண்புழை ஏற்றம், உலோக அரிமானம், மின்தடை என்று மூன்று பாடங்கள் ஒரே மூட்டில் இருக்கின்றன.

தீர்வு எளிது. தாமிரம் பளபளவென்று தெரியும் வரை வயரை வெட்டி விட வேண்டும். ஈயம் பூசிய இழைகள் உள்ள வயர் கிடைத்தால் நல்லது. முனையில் லக் வைத்து நெருக்கி, சூட்டில் சுருங்கும் உறை போட வேண்டும். செட்டுக்கென்று தனி வயர் நேராகப் பேட்டரிக்குப் போக வேண்டும். நேர்முனைக்கு அருகிலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். டெர்மினலைச் சுத்தம் செய்து இறுக்கியபின் மேலே வாசலின் தடவலாம். வழியில் மூட்டுகள் குறையக் குறையப் பழுதும் குறையும்.

கரையில் ஓடும் ஜீப், ஆம்புலன்ஸ் போன்றவற்றின் வயர்லெஸ் செட்டுக்கும் இதே விதிதான். ஒரு வேறுபாடு, அங்கே வண்டியின் இரும்பு உடலே எதிர்முனைக் கம்பியாகப் பயன்படும். அந்தப் போல்ட்டில் துரு ஏறினால் படகின் களிம்பு செய்த அதே வேலையைச் செய்யும். துறைமுகச் சாலையில் போகும் கன்டெய்னர் லாரிகளில் 24 வோல்ட் இருக்கும். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடரிணைப்பில். 12 வோல்ட் செட்டுக்காக அதில் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் மின்சாரம் எடுத்தால் அது மட்டும் இறங்கி, இரண்டும் சமநிலை இழக்கும். அதற்கு 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் வேண்டும்.

மின்சாரம் இல்லாத வயர்லெஸ்

டைட்டானிக் கப்பலின் வயர்லெஸ் கருவி, பனிப்பாறையில் மோதுவதற்கு முந்தைய நாள் பழுதானது. இயக்குநர்களான ஜாக் பிலிப்ஸும் ஹரால்டு பிரைடும் பல மணி நேரம் உட்கார்ந்து தாங்களே அதைச் சரிசெய்தனர். அப்படிச் செய்திராவிட்டால், 1912 ஏப்ரல் 15 அதிகாலையில் கார்பாத்தியா கப்பலுக்கு அழைப்பு போயிருக்காது. கார்பாத்தியா காப்பாற்றியவர்கள் சுமார் 700 பேர். கப்பல் மூழ்க மூழ்க மின்சாரம் குறைந்து அழைப்புகள் மங்கின.

இன்று பன்னாட்டுக் கடல் பாதுகாப்பு விதிகள் பெரிய கப்பல்களில் வயர்லெஸ்ஸுக்கென்று தனி மின்மூலம் இருக்க வேண்டும் என்கின்றன. கப்பலில் அவசர ஜெனரேட்டர் இருந்தால் 1 மணி நேரத்துக்கும், இல்லாவிட்டால் 6 மணி நேரத்துக்கும் அது போதுமானதாக இருக்க வேண்டும். நம் ஃபைபர் படகுகள் அந்த விதிக்குள் வருவதில்லை. அவற்றின் பேட்டரியையும் மூட்டையும் கவனிப்பது படகுக்காரரும் அவர் வீட்டுப் பிள்ளையும்தான்.

வகுப்பில் செய்து பார்க்க

12 வோல்ட் பேட்டரியைப் பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது. அதில் குறுக்குச்சுற்று ஏற்பட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும், அமிலமும் உண்டு. நான்கு டார்ச் செல்களே போதும்.

நான்கு செல்களைத் தொடரிணைப்பில் வைத்தால் 6 வோல்ட். 1000 ஓம் தடையோடு ஒரு எல்.இ.டி.; அது 'கேட்கும் நிலை'. அதற்குப் பக்க இணைப்பில், ஒரு சாவியோடு 6 வோல்ட், 0.3 ஆம்பியர் பல்பு. அது 'பேசும் நிலை'. செல்லிலிருந்து வரும் பொதுவான கம்பியில் 10 ஓம், அரை வாட் தடை ஒன்றை வைத்து ஒரு தீப்பெட்டிக்குள் மறைத்துவிடுங்கள். எல்.இ.டி. மட்டும் எரியும்போது மீட்டர் 6 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். சாவியை அழுத்தினால் பல்பு மங்கலாக எரியும், எல்.இ.டியும் மங்கும், மீட்டர் 4 வோல்ட் அளவுக்கு இறங்கும். குறை எங்கே என்று தீப்பெட்டியைத் திறக்காமல் நான்கு அளவீடுகளால் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். செல், பல்பு, கம்பி என்று ஒவ்வொருவரும் ஒன்றைச் சொல்வார்கள். யார் சொன்னது சரி என்பதை மீட்டர் முடிவு செய்யும்.

தொடக்க வகுப்புகளுக்கு மீட்டர் தேவையில்லை. ஒரு செல், ஒரு பல்பு, ஒரு துருப்பிடித்த ஆணி, ஒரு புதிய ஆணி போதும். சுற்றில் ஆணியை மாற்றி மாற்றி வைத்து வெளிச்சத்தைப் பார்க்கட்டும். துருவைத் தேய்த்துவிட்டு மீண்டும் வைக்கட்டும்.

இந்தப் பாடம் முடிந்ததும் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு சிறு தாளை எழுதச் சொல்கிறேன். அதில் நான்கு வரிகள்தான்:

கடலுக்குப் போகும் முன், கரையிலேயே 25 வாட்டில் ஒருமுறை பேசிப் பாருங்கள். கேட்கிறது என்பது மட்டும் சோதனை ஆகாது.

சோதனைக்குச் சேனல் 16-ஐ அழுத்தாதீர்கள், 156.8 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் அது ஆபத்து அழைப்புக்கானது.

கடலில் பேசும்போது செட் அணைந்தால் 1 வாட்டுக்கு மாற்றிப் பேசுங்கள். அருகிலுள்ள படகுக்காவது கேட்கும்.

கைபேசி எட்டும் தூரத்தில் இருந்தால் கடலோரக் காவல்படையின் உதவி எண் 1554.

மூன்றாவது வரியை ஏன் எழுதினோம் என்று விளக்கத் தெரிந்த பிள்ளைக்கு ஓம் விதி புரிந்துவிட்டது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் பள்ளி கடற்கரையில் இல்லாமல் இருக்கலாம். அங்கே டிராக்டரின் முகப்பு விளக்கு, ஆட்டோவின் ஹாரன், கிணற்று மோட்டார் என்று சுமை ஏறும்போது சோர்ந்துபோகும் ஒரு கருவி நிச்சயம் இருக்கும். ஓய்வில் அளக்காமல், சுமை கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். பாடம் அங்கிருந்தே தொடங்கட்டும்.